பழைய அறிவும் புதிய பாடமும்

1809-ஆம் ஆண்டில், முன்னர்க் கான்ட் வகித்த கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத் தத்துவப் பீடத்தை ஹெர்பார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஏற்றார். புதிய கருத்து, மனத்தில் முன்னரே உள்ள கருத்துக்களோடு இணைந்தாலன்றி நிலைபெறாது என்பது அவர் கொள்கை. 1841-இல் அவர் மறைந்தபின், சில்லர், ரைன் முதலிய அவர் வழியினர் கற்பித்தலை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படி, பழைய அறிவைத் தூண்டும் ஆயத்தம்.

ஆசிரியப் பயிற்சியில் நானும் இதனைக் கற்றேன். ஆயினும் ஒருநாள் அப்படியைத் தாண்டி, நைல் நதிப் பாடத்தை நேரே படிக்கச் செய்தேன். பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் விழித்தனர். பிழை என்னுடையது.

"வெள்ளம் வடிந்தால் உங்கள் வயலில் என்ன தங்கும்?" என்றேன்.

"வண்டல், ஐயா!" என்றான் ஓர் உழவர் மகன். பண்டை எகிப்தின் வளம் அக்கணமே அவர்களுக்கு விளங்கிற்று.

ஆதலின், வரலாற்று நூலைத் திறக்குமுன், 'இதைப்பற்றி நான் முன்னமே அறிந்தது என்ன?' என உங்களையே வினவுங்கள். அறிந்தது சரியாயின் நூல் அதனை வளர்க்கும், தவறாயின் திருத்தும்.