குடல் மாற்றில் பிறபொருளெதிரிவழி நிராகரிப்பு

குடல் மாற்றில் பிறபொருளெதிரிவழி நிராகரிப்பு என்பது, மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுகுடலின் குருதிக் குழாய்களை, பெறுநரின் பிறபொருளெதிரிகள் தாக்குவதாகும். இவை குழாய் உட்சுவரில் உள்ள, கொடையாளிக்குரிய எச்.எல்.ஏ. புரதங்களுடன் பிணைந்து நிரப்புப் புரதங்களைத் தூண்டுகின்றன. உட்சுவர் சிதைந்து, நுண்குழாய்களில் குருதி தேங்கிக் கசிந்து உறைகிறது. குருதி கிடைக்காத திசுக்கள் மடிகின்றன.

முந்தைய கருத்தரிப்பு, குருதியேற்றம், உறுப்பு மாற்று ஆகியவற்றால் ஏற்கெனவே உருவான பிறபொருளெதிரிகள் அறுவைக்குப் பின் விரைவிலேயே தாக்கக்கூடும். பின்னர் உருவாகுபவை தமனிகளை மெல்லத் தடிக்கச் செய்து அடைக்கின்றன. அகநோக்கி வழியாக எடுக்கப்படும் திசுத்துணுக்கில் குடலின் மேற்படலமே கிடைப்பதால், ஆழத்தில் உள்ள தமனிகளின் பாதிப்பு பெரும்பாலும் குடலை அகற்றிய பின்னரே உறுதியாகிறது.

கல்லீரலுடன் சேர்த்துப் பொருத்தப்படும் குடலில் இப்பாதிப்பு குறைவு. பிளாஸ்மா மாற்றம், இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்சிமாப் ஆகியன சிகிச்சையில் பயன்படுகின்றன.