ஏ பட்டனின் ரப்பர்

டிவி கேம் ரிப்பேருக்கு வந்தால், ஜாய்ஸ்டிக்கைத் திறக்காமலேயே எது போயிருக்கும் என்று சொல்லிவிடுவேன். ஏ பட்டனுக்கு அடியில் உள்ள ரப்பர். அதன் கறுப்புக் கார்பன் பொட்டு தேய்ந்து பளபளத்துக் கிடக்கும். பக்கத்து பி பட்டனின் ரப்பர் இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் போலிருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், டேப் ரிக்கார்டரோடு இதையும் பார்க்க ஆரம்பித்தபோது புரிந்துகொண்டது இது: பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கியது ஒரு குதியலைத்தான். ஏ-யை அமுக்கினால்தான் மேரியோ குதிப்பான்.

அந்தக் குதியலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1889-இல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கியோட்டோ கம்பெனி நிண்டெண்டோ. 1980-இல் அது அமெரிக்காவுக்கு அனுப்பிய 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆர்கேட் விளையாட்டு விலைபோகாமல் கிடங்கில் தேங்கியது. அந்தப் பெட்டிகளுக்குள் வேறு ஆட்டத்தை ஏற்ற வேண்டிய வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளரிடம் வந்தது. 1981-இல் 'டாங்கி காங்' பிறந்தது. அதில் பீப்பாய்களைத் தாண்டிக் குதிப்பவன்தான் பிறகு மேரியோ ஆனவன். சில புள்ளிகளுக்குள் முகம் வரைய வேண்டும். வாயை வரைவதற்குப் பதில் மீசை, தலைமுடிக்குப் பதில் தொப்பி. ஆனால் அவனுடைய குதியல் மரக்கட்டை மாதிரி. எப்போதும் ஒரே உயரம். காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் நடுவானில் திசை மாற்ற முடியாது.

1985 செப்டம்பர் 13-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டிக்கு வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' இதைத்தான் மாற்றியது. பட்டனைத் தொட்டுவிட்டால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. ஓடிவந்து குதித்தால் இன்னும் உயரம். வானத்தில் இருக்கும்போதே கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம். உள்ளே நடக்கிற தந்திரம் இது: மேலே போகும்போது விரல் பட்டனில் இருக்கும்வரை ஈர்ப்பு குறைவு, எடுத்த கணமே ஈர்ப்பு கூடிவிடும். நியூட்டன் ஒப்புக்கொள்ள மாட்டார். கட்டைவிரல் ஒப்புக்கொள்கிறது.

மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். கஞ்சத்தனத்தைப் பாருங்கள், வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் 32 கட்டங்களையும் வரைபடத் தாளில் சதுரம் சதுரமாகப் போட்டார்கள். அவற்றில் முதல் கட்டம் எனக்கு ஆச்சரியம் தீராத ஒன்று. வலப்பக்கம் நடந்தால் ஒரு குட்டிப் பூதம் எதிரே வருகிறது. சும்மா நின்றால் சாவு. நஷ்டம் சில விநாடிதான். குதிக்கத் தெரிந்துகொள்கிறோம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து ஓடும், குழாயில் மோதும், நம்மை நோக்கித் திரும்பும். பயந்து குதித்தால் மேலேயுள்ள செங்கல் தலையில் இடித்து அந்தக் காளான்மேலேயே விழுவோம். ஆள் பெரிதாகிவிடுவான்! கடைசியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே, நடுவில் தரை. தவறி விழுந்தாலும் ஒன்றுமில்லை. அடுத்து அதே போன்ற படிக்கட்டுகள், இந்தத் தடவை நடுவில் பள்ளம்.

நம்மூருக்கு ஃபேமிகாம் அந்தப் பெயரில் அவ்வளவாக வரவில்லை. தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள்தான் வந்தன. திறந்தால் பலகையின் நடுவே கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று, அதற்குள்தான் சிப். அது செத்தால் நானும் கையை விரிப்பேன். கூடவே '9999 இன் 1' என்று அச்சடித்த மஞ்சள் கேசட். உள்ளே சில டஜன் ஆட்டங்களே திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும், அதைச் சொன்னால் பையன்கள் நம்பமாட்டார்கள். எப்படி ஆடுவது என்று விளக்கும் புத்தகம் எதுவும் பெட்டியில் இருக்காது. இருந்திருந்தாலும் ஆங்கிலம் படித்து ஆடியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? குட்டிப் பூதமும் காளானும் சொல்லிக்கொடுத்ததே போதுமாக இருந்தது.

இன்றைக்கு அதே ஆட்டத்தை 5 நிமிடத்துக்குள் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கட்டங்களில், கட்டம் முடிந்ததா என்று ஆட்டம் 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும்; விநாடிக்கு 60 ஃபிரேம். ஆகவே கொஞ்சம் வேகமாக ஓடியதற்குப் பலன் ஒன்றும் இல்லை, ஒரு சரிபார்ப்பு முன்னதாகவே போய்ச் சேர்ந்தால் மட்டுமே உண்டு. அந்த மூன்றில் ஒரு பங்கு விநாடிக்காக ஒரே குதியலை மாதக்கணக்கில் பழகுகிறார்கள்.