சூட்டு முள் சொன்ன பொய்

போன கிழமை வாப்பாவின் பழைய கார் எங்களைப் பயமுறுத்திவிட்டது. சூட்டு மீற்றரின் முள் 'எச்' வரை ஏறிவிட்டது. ஓரமாக நிறுத்தினோம். ஆவி இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை. ஆறியதும் மூடியைத் திறந்தால் தண்ணீரும் நிறைவாக இருந்தது. "அப்ப முள்தான் பொய் சொல்லுது மகன்" என்றார் வாப்பா.

அந்த முள்ளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910களில் அமெரிக்காவில் ஹரிசன் பாய்ஸின் 'மோட்டோமீற்றர்' ரேடியேட்டர் மூடியின் மேலேயே நின்றது. அது அளந்தது தண்ணீரை அல்ல, அதற்கு மேலுள்ள ஆவியை. பிறகு மீற்றர் சாரதியின் முன்னால் வந்தது. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஈதரின் ஆவி அழுத்தத்தை முள்ளுக்குக் கொண்டுவந்தது. குழாய் உடைந்தால் எஞ்சின் கொதித்தாலும் முள் குளிர் என்றே காட்டும்.

1960களில் பல பிரித்தானிய கார்களுக்கு மின்சார மீற்றர் வந்தது. பற்றரியின் வோல்ற் ஏறி இறங்குமல்லவா? அதனால் சராசரியாக 10 வோல்ற் கொடுக்க ஒரு சிறிய ஸ்டெபிலைசர் வைத்தார்கள். பெற்றோல் மீற்றருக்கும் அதுதான். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் கூட்டிக் காட்டும்.

எங்கள் காரிலும் அதே கதை. பாதித் தாங்கிப் பெற்றோலை முள் நிறையக் காட்டியது. எர்த் முனையின் துருவைச் சுரண்டி இறுக்கினோம், இரண்டும் இறங்கின. சூட்டு முள் மட்டும் பிழைத்தால் எஞ்சினிலுள்ள சென்சரையும் வயரையும் பாருங்கள்.

ஆனால் முள் ஏறினால் முதலில் வாகனத்தை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். விசாரணை அதற்குப் பிறகுதான்.