பாதிரியாரின் குழந்தை

ஜனரஞ்சகக் கதையையும் சினிமாவையும் கிறிஸ்தவப் பார்வையில் பரிசீலிக்கும் காரியம் இருபதாம் நூற்றாண்டின் மேற்கில் ஒரு ஸ்தாபனமாகவே நடந்திருக்கிறது. மதம் கலையின் கழுத்தை நெரித்த கதையாக அதன் சரித்திரத்தை எழுதிவிடுவது சுலபம்; அப்படித்தான் பெரும்பாலும் எழுதப்பட்டும் வருகிறது. எனக்கு அது போதவில்லை. தடுத்தவர்களும் தடுக்கப்பட்டவர்களும் பல சமயங்களில் ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டவர்கள். ஒரே நம்பிக்கைக்குள் இரண்டு விதமான வாசிப்புகள் மோதிக்கொண்டன என்பதே விஷயம்.

ஹாலிவுட் 1930ல் ஏற்றுக்கொண்ட தயாரிப்பு விதிகளை எழுதியவர்கள் டேனியல் லார்ட் என்ற இயேசுசபைப் பாதிரியாரும், சினிமாத் தொழில் பத்திரிகை நடத்திவந்த மார்ட்டின் க்விக்லி என்ற கத்தோலிக்கரும். 1934ல் ஜோசஃப் பிரீன் என்ற இன்னொரு கத்தோலிக்கர் அந்த விதிகளை அமல்படுத்த வந்தார். அவருடைய அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். அதே சமயத்தில் 'லீஜன் ஆஃப் டீசன்ஸி' என்ற அமைப்பு, ஒழுக்கக் கேடான படங்களைப் பார்ப்பதில்லை என்று லட்சக்கணக்கானவர்களிடம் உறுதிமொழி வாங்கியது. 1936ல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் தம் சுற்றுமடலில் அம்முயற்சியைப் பாராட்டினார்.

இவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. புத்தகம் தனியாக உட்கார்ந்து படிக்கிறவனிடம் மட்டும் பேசுகிறது. சினிமாவோ வயது, படிப்பு, பக்குவம் என்ற எந்த வித்தியாசமும் இன்றி எல்லோரையும் ஒரே இருட்டில் உட்கார வைத்துவிடுகிறது. ஆகவே புத்தகத்துக்கு உள்ள சுதந்திரம் அதற்கு இருக்க முடியாது என்று விதிகளிலேயே காரணம் சொல்லியிருந்தார்கள். கோளாறு அவர்கள் பாவத்தைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் இருக்கிறது. பாத்திரம் செய்த தவறு ஒரு பக்கம். அதை ஈடுகட்டும் தண்டனையோ திருந்தலோ மறுபக்கம். கடைசி ரீலில் இரண்டும் நேராகிவிட வேண்டும். வங்கியில் பற்றுவரவோடு காலம் தள்ளுகிற எனக்கு இந்த முறை நன்றாகவே பழக்கம். ஆனால் கிருபை என்று கிறிஸ்தவன் சொல்வது இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் ஏறும்?

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புவது கிரஹாம் க்ரீனின் 'த பவர் அண்ட் த க்ளோரி'. க்ரீன் 1926ல் கத்தோலிக்கரானவர். 1938ல் மெக்சிகோ சென்றார். டபாஸ்கோ மாநிலத்தில் கரிடோ கனபால் என்ற கவர்னர் கோவில்களை மூடி, மது விற்பதைத் தடைசெய்து, பாதிரிமார்கள் கல்யாணம் செய்துகொண்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தார். 1940ல் வந்த நாவல் இந்தப் பின்னணியில் எழுந்தது. மர்மக் கதை வாசகனுக்குப் பழக்கமான துரத்தல்தான் அதன் சட்டகம். ஓடுகிறவர் பெயரில்லாத ஒரு பாதிரியார், குடிகாரர். அவருக்கு மரியா என்ற பெண்ணிடம் ஒரு மகள் உண்டு. துரத்துகிறவன் போலீஸ் லெஃப்டினென்ட், அவனுக்கும் பெயரில்லை.

அந்த மகள் வெறும் பாவச் சின்னம் அல்ல. பாவம் மன்னிக்கப்பட மனஸ்தாபம் வேண்டும். இவரோ தம் பாவத்தின் பலனை நேசிக்கிறார். எதற்காக வருந்த வேண்டுமோ அதுவே அவர் உயிரோடு ஒட்டியிருக்கிறது. நாவலின் இறையியல் முழுவதும் இந்த முடிச்சில் இருக்கிறது. இதை அவிழ்க்க க்ரீன் முயலவில்லை. சாகக் கிடக்கும் ஒரு கொலைகாரனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கப் போனால் அது பொறிதான் என்று தெரிந்தும் அவரைத் திரும்பிப் போகவைக்கிறார், அவ்வளவுதான்.

1947ல் ஜான் ஃபோர்டு இதை 'த ஃப்யூஜிடிவ்' என்ற படமாக எடுத்தார். ஃபோர்டும் கத்தோலிக்கர். மதகுருக்களைக் கோமாளிகளாகவோ வில்லன்களாகவோ காட்டக்கூடாது என்று விதி இருந்தது. குடியும் குழந்தையும் உள்ள பாதிரியாருக்கு முத்திரை கிடைக்க வழியில்லை. டட்லி நிக்கல்ஸ் எழுதிய திரைக்கதையில் ஹென்றி ஃபோண்டாவின் பாதிரியார் மாசற்றவர். தயங்குகிறவர், பயப்படுகிறவர், அவ்வளவுதான். ஆனால் குழந்தை கதையை விட்டுப் போகவில்லை. அதன் தகப்பன் இப்போது லெஃப்டினென்ட்! பற்றில் இருந்த தொகையை இன்னொருவர் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். காப்ரியேல் ஃபிகரோவாவின் ஒளிப்பதிவில் வெளிச்சமும் நிழலும் பலிபீட ஓவியம் போல விழுகின்றன. படத்தில் உண்மையாகவே பக்தி இருக்கிறது. பாவி மட்டும் இல்லை.

இதில் பாதிரியாருக்கு நேர்ந்த அநியாயத்தைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். என்னை அதிகம் உறுத்துவது லெஃப்டினென்டுக்கு நேர்ந்தது. நாவலில் அவன் துறவி போல வாழ்கிறவன். தான் தேடும் மனிதர் என்று தெரியாமல், சிறையிலிருந்து வெளியே வரும் பாதிரியாரின் கையில் ஒரு நாணயத்தை வைக்கிறான். அவனை நல்லவன் என்கிறார் அவர். மரணத்துக்கு முந்தின இரவு அவருக்காக, கல்யாணம் செய்துகொண்ட இன்னொரு பாதிரியாரை அழைத்துவரப் பார்க்கிறான். அந்த ஆள் வர மறுத்துவிடுகிறார். மெக்சிகோவில் தான் பார்த்த போலீஸ்காரர்களிடம் இப்படி ஒரு நேர்மை இல்லை, தோற்றுப்போன பாதிரியாருக்கு எதிர்நிலையாக அவனைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது என்று க்ரீன் பின்னாளில் எழுதினார். தன் சபையை வேட்டையாடுகிறவனுக்கு நிஜத்தில் இல்லாத கௌரவத்தை விசுவாசியான நாவலாசிரியர் கொடுக்கிறார். விசுவாசத்தைக் காக்க வந்த விதி அதைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டில் எது கிறிஸ்தவம்?

ரோமாபுரியும் இந்தக் கேள்விக்கு ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. 1953ல் விசுவாச விசாரணைப் பீடத்தின் கர்தினால் பிஸ்ஸார்டோ நாவலைக் கண்டித்தார். முரண்பாடானது, அசாதாரணச் சூழலைப் பேசுவது, திருத்தப்பட வேண்டும் என்ற செய்தி க்ரீனுக்கு வந்தது. உரிமை பதிப்பாளர்களிடம் இருப்பதால் திருத்த இயலாது என்று அவர் பணிவாகப் பதில் எழுதிவிட்டார். அப்போது வாடிகன் செயலகத்தில் இருந்த மொந்தினி, புத்தகத்தை வேறொருவர் மறுபடி மதிப்பிடட்டும் என்று பரிந்துரைத்ததைப் பிற்பாடு வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. அவரே ஆறாம் பால் என்ற பெயரில் போப்பாண்டவராகி 1965ல் க்ரீனைச் சந்தித்தபோது, உங்கள் எழுத்தில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர்களை எப்போதும் புண்படுத்தத்தான் செய்யும், பொருட்படுத்த வேண்டாம் என்று சொன்னார். மறு வருஷம் தடை நூற்பட்டியலே செயலிழந்தது. 1968ல் ஹாலிவுட் விதிகளும் போயின.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. 1964ல் மார்க்ஸியரும் நாஸ்திகருமான பசோலினி, மத்தேயுவின் சுவிசேஷத்தைப் படமாக்கி மறைந்த போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் ஜானின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். வெனிஸ் விழாவில் சர்வதேசக் கத்தோலிக்க சினிமா அமைப்பு அதற்குப் பரிசு கொடுத்தது. 1995ல் வாடிகன் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் அது இருந்தது. க்ரீன் லெஃப்டினென்டுக்குச் செய்ததை பசோலினி கிறிஸ்துவுக்குச் செய்தார். தன் நம்பிக்கைக்கு வெளியே நிற்பவனை முழு உயரத்தோடு நிற்கவிட்டார்.

பார்வை இல்லாத விமர்சனம் உண்டு என்று நான் நம்பவில்லை. ஒரு பார்வையின் தகுதி அது தன் எதிரியை எப்படி எழுதுகிறது, எப்படிப் படிக்கிறது என்பதில் தெரிந்துவிடுகிறது. நம்மிடையே கதையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து வர்க்கச் சார்பைத் தீர்மானிக்கிற முற்போக்காளர்களும், தொடர்கதை என்றாலே பக்கத்தைப் புரட்டாமல் தீர்ப்பு எழுதுகிற நம் சிறுபத்திரிகைக்காரர்களும் பிரீனின் அலுவலகத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. கைகளில் இருக்கும் முத்திரைகள்தான் வேறு. நமக்குப் பிடிக்காத கதையில் குழந்தையை யார் தலையில் கட்டுகிறோம் என்று நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.