பித்தளை ஊதுகருவிகளும் பாடக் கற்பித்த ஆசிரியர்களும்

டிரம்பெட், கார்னெட், டிராம்போன், டியூபா முதலிய பித்தளை ஊதுகருவிகளில் நாதசுரத்தில் உள்ளது போன்ற சீவாளி கிடையாது. வாசிப்பவரின் உதடுகளே சீவாளியாக அதிர்கின்றன. அந்த அதிர்வைக் கிண்ணம் போன்ற வாய்முனையும் நீண்ட குழாயும் வாங்கி ஒலியாக்குகின்றன. இக்கருவிகளை உணர்ச்சியோடு வாசிக்கக் கற்பித்த வரலாறு பெரும்பாலும் வாய்ப்பாட்டிடமிருந்து கடன் பெற்ற வரலாறாகும்.

வால்வு இல்லாத பழைய டிரம்பெட்டில், கீழ்ப்பகுதியில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சில சுரங்களே கிடைத்தன. படைக்கும் அரண்மனை அறிவிப்புக்கும் அது போதுமானதாக இருந்தது. மேல் ஸ்தாயியில் மெட்டு வாசித்த வல்லுநர்கள் பாக் காலத்தில் இருந்தனர் என்றாலும் அவர்கள் சிலரே. இழுகுழாய் கொண்ட டிராம்போன் மட்டும் இதற்கு விலக்கு. 1818இல் ஹைன்ரிக் ஷ்டோல்செல், ஃபிரீட்ரிக் புளூமெல் ஆகிய இருவரும் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் பிறகே கார்னெட் போன்ற கருவிகளில் எல்லாச் சுரங்களையும் எளிதாக எழுப்ப முடிந்தது. சுரம் கிடைத்தவுடன் இசையும் கிடைத்துவிடுமா என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது.

அதற்கு முதலில் விரிவாக விடை எழுதியவர்களுள் பிரான்சின் லியோன் நகரில் பிறந்த ழான் பாப்டிஸ்ட் அர்பான் (1825–1889) முதன்மையானவர். 1864இல் வெளிவந்த அவருடைய கார்னெட் பாடநூல் இன்றும் டிரம்பெட் மாணவர்களின் மேசையில் இருக்கிறது. பலர் அதை விரல் வேகத்துக்கும் நாக்கு வேகத்துக்குமான பயிற்சிநூல் என்றே நினைக்கின்றனர். ஆனால் சொற்றொடரைப் போல இசையைப் பிரித்து வாசிக்கும் கலைக்கென 150 மெட்டுகளை அவர் அதில் சேர்த்திருக்கிறார். அவற்றுள் பல, ஓபரா மேடையில் பாடகர்கள் பாடியவை. இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லும் மாணவர் நூலின் பாதிப் பயனை இழக்கிறார் என்றே சொல்லவேண்டும். பாரிஸ் இசைக் கல்லூரியில் 1869இல் கார்னெட்டுக்குத் தனி வகுப்பு தொடங்கியபோது அர்பானே அதன் ஆசிரியரானார்.

டிராம்போனுக்கு இந்த வழி இன்னும் நேரடியாக வந்தது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை டிராம்போன் கலைஞர் ஜோவான்ஸ் ரோஷூ, மார்கோ போர்தோனி என்ற இத்தாலியப் பாடகர் குரல் மாணவர்களுக்காக எழுதிய பயிற்சிகளை எடுத்து, தம் கருவிக்கேற்ப 1928இல் பதிப்பித்தார். அவை சொற்கள் இல்லாத பாடல்கள். பொருளைச் சொல்ல மூச்சையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் தவிர வேறு துணை இல்லை.

பாட்டு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? கருவியின் அமைப்பே இதற்கு விடை தரும். மூன்று வால்வுகளை எட்டு விதமாகத்தான் அழுத்த முடியும். அவற்றிலும் இரண்டு விதங்கள் ஏறத்தாழ ஒரே குழாய் நீளத்தைத் தருகின்றன. ஆக ஏழு நீளங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்கள் பிறந்தாக வேண்டும். எந்த வால்வையும் அழுத்தாமலே பல சுரங்கள் வரும். எது வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை உதடும் மூச்சும். மனத்தில் சுரம் கேட்காவிட்டால் உதடு பக்கத்துச் சுரத்துக்குத் தாவிவிடும். நம் ஊரில் வீணைக்கும் வயலினுக்கும்கூடச் சரளி வரிசையைப் பாடவைத்த பிறகு வாசிக்கச் சொல்லும் ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இதைத் தம் கற்பித்தலின் மையமாக்கியவர் அமெரிக்க டியூபா கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் (1915–1998). பியூகிள், டிரம்பெட், டிராம்போன் என்று படிப்படியாக டியூபாவுக்கு வந்தவர். பதினைந்து வயதில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் வாசித்தார். டியூபா மிகுதியான காற்றைக் கேட்கும் கருவி. ஜேக்கப்ஸோ ஆஸ்துமா உள்ளவர். மூச்சு இயங்கும் விதத்தை மருத்துவ நூல்கள் வழியே ஆராய்ந்தார். நுரையீரலை அளக்கும் கருவிகளைத் தம் பயிற்சி அறையில் வைத்திருந்தார்.

இவ்வளவு உடலியல் அறிந்தவர், வாசிக்கும்போது தசைகளைப் பற்றி நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொன்னார். கையில் ஒரு கருவி, தலைக்குள் ஒரு கருவி. தலைக்குள் இருப்பது பாடினால் கையில் இருப்பது பின்தொடரும் என்பது அவர் கருத்து. ‘பாட்டும் காற்றும்’ என்ற இரண்டே சொற்களில் அவர் முறை அறியப்படுகிறது. மாணவர் தடுமாறினால், கருவியைக் கீழே வைத்துவிட்டு, வாய்முனையை மட்டும் உதட்டில் பொருத்தித் தெரிந்த பாட்டு ஒன்றை ஊதச் சொல்வார்.