நிலாப் பாட்டு நாட்டுப்பண் ஆன கதை

ஜாஸ் இசைக் கலைஞர்கள் ‘ஸ்டாண்டர்ட்’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஒரே பாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பலர் தத்தம் பாணியில் வாசிப்பார்கள். இசைத்தட்டுகள் மாறும், மெட்டு நிலைக்கும். நம்மிடமும் அப்படி ஒரு மெட்டு உண்டு. அதைக் கேட்டால் நாம் எழுந்து நிற்போம். ஆம், நாட்டுப்பண் ‘நெகாராகூ’வைத்தான் சொல்கிறேன்.

இது ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு என்பார்கள். 1877இல் ஆங்கிலேயர் பேராக் சுல்தான் அப்துல்லாவைச் செஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே ஒலித்த மெட்டுதான் பின்னாளில் பேராக் மாநிலக் கீதமானது என்பது வழிவழியாக வரும் செய்தி.

அரண்மனையோடு அது நிற்கவில்லை. ‘தெராங் பூலான்’ என்ற நிலாப் பாட்டாகி, மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் பங்சாவான் மேடைகளிலும் கெரொன்சோங் குழுக்களிலும் ஒலித்தது. 1947இல் லண்டனில் பெலிக்ஸ் மெண்டல்சன் ஹவாய் இசைக்குழு ‘மாமுலா மூன்’ என்று இசைத்தட்டு போட்டது. 1952இல் பால் லோம்பார்ட் குழுவினர் ‘மலாயன் மூன்’ என்று பதிவு செய்தார்கள்.

1957இல் சுதந்திர நாட்டுக்கு ஒரு கீதம் தேவைப்பட்டது. உலகளவில் போட்டி வைத்து, 514 படைப்புகள் வந்தும் ஒன்றும் பொருந்தவில்லை. பெரிய இசையமைப்பாளர்களை அழைத்தும் மனம் நிறையவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு, ஆகஸ்டு 5ஆம் நாள் பேராக் மெட்டையே தேர்ந்தெடுத்தது. அதன்பின் அதைக் கேளிக்கைப் பாட்டாக இசைக்கத் தடை வந்தது. 1992இல் வேகம் கூட்டப்பட்டு, 2003இல் பழைய நடைக்கே திரும்பியது.

நெகிரி செம்பிலானுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. நெகாராகூ வாழ்த்திய முதல் மாமன்னர், நம் மாநிலத்து ஆட்சியாளர் துவாங்கு அப்துல் ரஹ்மான். நம் ரிங்கிட் நோட்டுகளில் இருப்பது அவர் முகம்தான்.

இப்போது தோட்டப்புறத்தைப் பாருங்கள். அந்த மெட்டைப் போலவே நம் முன்னோரும் கப்பலில் வந்தார்கள். பால்மரம் வெட்டி, காடு திருத்தி, இந்த மண்ணிலேயே மடிந்தார்கள். மெட்டிடம் யாரும் பிறப்புப் பத்திரம் கேட்கவில்லை; பாடப் பாட அது நாட்டுக்குச் சொந்தமானது. நம்மவர்களுக்கோ 1957க்குப் பிறகும் பத்திரம் தேவைப்பட்டது. இங்கேயே பிறந்தும் பதிவு இல்லாததால், சிவப்பு அடையாள அட்டையோடு மறைந்த தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் பேரப்பிள்ளைகள் நெகாராகூ பாடியபோது, அந்தப் பாட்டிகள் சட்டப்படி அயலாராகவே இருந்தார்கள்.

எங்கிருந்து வந்தது என்பதல்ல, யார் உயிர் கொடுத்துப் பாடினார்கள் என்பதே ஒரு பாட்டை நாட்டுப்பண் ஆக்குகிறது. மனிதருக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பது என் வாதம். ஆனால் வாதம் மட்டும் அட்டை வாங்கித் தராது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பதிவு இல்லாத முதியவரோ குழந்தையோ இருந்தால், கையிலுள்ள பத்திரங்களோடு தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்றே தொடங்குங்கள்.