பாதிரியார் ஏன் துப்பறிந்தார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மயூர் விஹாரில் எங்களுக்கு மேல் வீட்டில் இருக்கும் நாகர்கோவில் அக்கா, பத்தாவது படிக்கும் என் மகளிடம் நாலைந்து ஆங்கில நாவல்களைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் கொலை, கடத்தல், துரத்தல் சமாச்சாரம். உள்ளே பைபிள் வசனங்களும் உண்டு! "தம்பி, பயப்படாம பிள்ள கையில குடுக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது" என்று எனக்கு உத்தரவாதம் வேறு.

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில் ராஜேஷ்குமார் நாவல் வாங்கி, அக்கவுண்டன்சி புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தே பி.காம் முடித்தவன் நான். கொலைக்கதைக்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் தேடிப் படித்துப் பார்த்தேன். சம்பந்தம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. நடுவில் ஒரு வேடிக்கையான திருப்பமும் இருக்கிறது.

இங்கிலாந்து எழுத்தாளர் ஜி.கே.செஸ்டர்டனுக்கு ஜான் ஓகானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் நண்பர். யார்க்‌ஷயரில் இருவரும் நடந்துகொண்டே பேசியபோது, குற்றங்களைப் பற்றி அந்தப் பாதிரியாருக்குத் தெரிந்திருந்த விஷயங்களைக் கேட்டு செஸ்டர்டன் ஆடிப்போய்விட்டார். அதற்குப் பின் ஒரு வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு பேர், 'பாவம், உலகத்தின் தீமை தெரியாமல் வாழ்கிற சாமியார்' என்கிற மாதிரி பேசினார்களாம். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊர்ப் பாவத்தையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் காதால் கேட்கிற மனிதருக்கா தெரியாது!

அப்படிப் பிறந்தவர்தான் ஃபாதர் பிரவுன். முதல் தொகுதி 1911-ல் வந்தது. குள்ளமான, குடையை எங்கேயாவது மறந்து வைக்கிற பாதிரியார். ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலையும் காலடித் தடத்தையும் பார்ப்பார். இவர் மனிதனைப் பார்ப்பார். 1927-ல் வந்த தொகுதியில் தன் ரகசியத்தைச் சொல்கிறார்: கொலைகாரனின் மனதுக்குள் போய், நானே இதைச் செய்திருப்பேன் என்று உணரும்வரை யோசிப்பாராம். முதல் கதையில் வரும் திருடன் ஃபிளாம்போ பின்னால் திருந்தி, துப்பறிவாளனாகவே ஆகிவிடுகிறான்.

இன்னொரு பாதிரியார், ரொனால்ட் நாக்ஸ். பின்னாளில் பைபிளையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது முதல் கட்டளை. இரண்டாவதுதான் முக்கியம்: தெய்வம், பேய் என்று அமானுஷ்யம் எதுவும் கதையில் தலையிடக் கூடாது. சொன்னது ஒரு பாதிரியார் என்பதைக் கவனியுங்கள். 1930-ல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் 'டிடெக்‌ஷன் கிளப்' ஆரம்பித்தபோது முதல் தலைவர் செஸ்டர்டன். நாக்ஸும் அதில் உறுப்பினர்.

இனி அமெரிக்கா. அங்கே கிறிஸ்தவப் புத்தகக் கடைக்காரர்கள் 1950-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கடைகளில் நாவல் பெரிய சரக்காக ஆனது பிற்பாடுதான். 1979-ல் ஜேனட் ஓக் எழுதிய ஒரு குடும்பக் காதல் கதை நன்றாக விற்று வழி திறந்தது.

1986-ல் ஃபிராங்க் பெரெட்டியின் 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' வந்தது. ஒரு சின்ன ஊர், ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒரு போதகர், ஊரைப் பிடிக்க ஒரு சதி. இதுவரை சாதாரண சஸ்பென்ஸ். ஆனால் மனிதர்களின் தலைக்கு மேலே தேவதூதர்களும் பிசாசுகளும் வாள் வீசிச் சண்டை போடுகிறார்கள்! ஆரம்பத்தில் மெதுவாக விற்ற புத்தகம், வாய்வழியாகப் பரவி 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. நாக்ஸ் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய அமானுஷ்யம், 57 வருடம் கழித்து அதே பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நான் சொன்ன திருப்பம் இதுதான்.

1995-ல் டிம் லஹே, ஜெரி ஜென்கின்ஸ் இருவரும் 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசையைத் தொடங்கினார்கள். 2007-க்குள் 16 நாவல்கள், விற்பனை 6 கோடிக்கு மேல். அதே 1995-ல், அதுவரை ரொமான்ஸ் எழுதிய டெரி பிளாக்ஸ்டாக் கிறிஸ்தவ சஸ்பென்ஸுக்கு மாறினார். அவர் கதைகளில் பிசாசுச் சண்டை கிடையாது. வக்கீல், போலீஸ், பொய், குற்ற உணர்ச்சி, இவ்வளவுதான்.

இந்த நாவல்களுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. வசவு கூடாது, படுக்கையறை கூடாது, முடிவில் நம்பிக்கை ஜெயிக்க வேண்டும். அக்கா தந்த உத்தரவாதம் இந்தச் சட்டங்களை நம்பித்தான். பிறகு காலம் மாறியது. 'ஃபேமிலி கிறிஸ்டியன்' கடைகள் 2017-லும், 'லைஃப்வே' கடைகள் 2019-லும் மூடப்பட்டன. ஜோண்டர்வன், தாமஸ் நெல்சன் என்ற இரு பெரிய கிறிஸ்தவப் பதிப்பகங்களும் அதற்கு முன்பே ஹார்ப்பர் காலின்ஸ் கைக்குப் போயிருந்தன.

சரி, இதிலே எனக்கென்ன?

சில வருடங்களுக்கு முன் வேறு ஊரில், ஒரு கிளையில் நடந்த மோசடியை விசாரிக்கிற வேலை எனக்கு வந்தது. பதினெட்டு வருட சர்வீஸ் உள்ள ஒரு அதிகாரி, வயதான வாடிக்கையாளர்களின் டெபாசிட் மேல் அவர்களுக்கே தெரியாமல் கடன் போட்டு எடுத்திருந்தார். முதல் கடன் பதினைந்தாயிரம், மகளின் காலேஜ் ஃபீஸுக்கு. அடுத்த மாதமே கட்டிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அதுதான் வினை. கடைசியில் தொகை லட்சங்களில் நின்றது.

"இப்படிப்பட்ட ராட்சசன்னு தெரியாமப் போச்சே சார்" என்றார்கள் கிளையில். அப்படிச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. தன் பாஸ்வேர்டை அவரிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவருக்கும்தான். இரண்டு பேர் கையால் நடக்க வேண்டிய வேலை, அப்படித்தான் ஒருவர் கையால் நடந்தது.

அறிக்கையில் அந்த பாஸ்வேர்ட் வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் பழைய கிளையில், மார்ச் மாத அவசரத்தில், நானும் ஒரு முறை என் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறேன். என் சக ஊழியர் நல்லவர், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நாள் கழித்து அந்த வரியை எழுதினேன்.

பிசாசு செய்தது என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். நானும் செய்திருப்பேன் என்று நினைத்தால்தான் அடுத்த மோசடி நடக்கும் ஓட்டை கண்ணில் படும். செஸ்டர்டனும் நாக்ஸும் பக்தர்களாக இருந்தும் பேயைக் கதைக்குள் விடாததற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பெரெட்டியின் வேகத்தைக் குறை சொல்லவில்லை, ராத்திரி ஒரு மணி வரை நானும் படித்தேன். :-)

மகளிடம் அக்கா தந்த புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டேன். கூடவே, மகிளா ஹாட் ஞாயிறு சந்தையில் பழைய ஃபாதர் பிரவுன் ஒன்று கிடைத்தது, அதையும் வைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டாள்: "அப்பா, அந்த ஃபாதர் திருடனை ஏன் திட்டவே மாட்டேங்கிறார்?"

பாஸ்வேர்ட் கதையை அவளிடம் சொன்னேன். என் பங்கையும் சேர்த்து.